மாலை வகுப்பின் வரலாறும் நம் பிள்ளைகளும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு விழாக் குழுவினர் பணித்தனர். மன்னர்களின் வரலாற்றை எழுதப் பலர் உளர். தலைவர்களின் வாழ்க்கையை எழுதவும் தகுதியுடையோர் நம்மிடையே குறைவின்றி இருக்கின்றனர். எனவே யாம், பள்ளி மணி அடித்துப் பிள்ளைகள் வீடு திரும்பிய பின்னர் நடைபெறும் சிறு பள்ளியின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். ஊதியம் கருதாது மாலையிலோ இரவிலோ பிள்ளைகளைக் கூட்டி, எண்ணும் எழுத்தும் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் எவ்வாறு தோன்றியது, எங்கெங்கே வேரூன்றியது என்பதே இதன் பொருள். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஆசிரியப் பணியிலேயே தலை நரைத்துவிட்ட எமக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

ஒரு குழந்தைக்கு முதன்முதலில் எழுத்தறிவிக்கும்போது, ஆசிரியர் அதன் சுட்டுவிரலைத் தம் கையாற் பற்றி, மணலிலோ பரப்பிய அரிசியிலோ எழுதுவிப்பது நம் நாட்டில் தொன்றுதொட்ட வழக்கம். தீண்டாமை என்னும் கொடுமை நம் பிள்ளைகளின் கல்விக்கு எத்தகைய தடையாய் நின்றது என்பதை உணர இவ்வொரு வழக்கத்தை நினைத்துப் பார்த்தாலே போதும். தொடக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளையின் விரலைப் பற்றி எழுதுவிப்பவர் யார்? பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளைகளின் நிலையும் வேறாக இல்லை. சாத்தாராவில் மாணவராயிருந்த அண்ணல் அம்பேத்கர், வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு சேராமல் தனியே ஒரு கோணியின்மேல் அமர்ந்து படிக்க நேர்ந்ததையும், அக்கோணியை நாள்தோறும் தாமே வீட்டுக்குச் சுமந்து சென்றதையும் பிற்காலத்தில் எழுதியுள்ளார். அரசாணை பள்ளிக் கதவைத் திறக்கலாம். விரலைப் பற்றும் கையை அது தந்துவிட இயலாது. அந்தக் கையைத் தேடிச் சென்றதே மாலை வகுப்புகளின் வரலாறு என யாம் கருதுகிறோம்.

சென்னை மாகாண அரசு 1893-ஆம் ஆண்டில் பஞ்சமர் கல்விக்குச் சிறப்புச் சலுகைகள் அளித்து ஆணை பிறப்பித்தது. மறு ஆண்டிலேயே, பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் அடையாற்றை அடுத்து நம் பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் ஒன்று பலவாயிற்று. அவற்றுள் ஒன்று திருவள்ளுவரின் பெயரைத் தாங்கி நின்றது. கடல் கடந்து வந்து அப்பள்ளிகளை மேற்பார்த்தவர்களுள் பால்மர் அம்மையார், கோர்ட்ரைட் அம்மையார் ஆகிய இருவர் நம் நன்றிக்குரியவர்கள். மனப்பாடமும் பிரம்புமே கல்வி என்றிருந்த அக்காலத்தில், பொருளைக் காட்டியும் கதை சொல்லியும் விளையாட விட்டும் கற்பிக்கும் கிண்டர்கார்டன் முறையைச் சேரிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த பெருமை அப்பள்ளிகளுக்கு உண்டு. கோர்ட்ரைட் அம்மையார் 1906-இல் எழுதிய சிறுநூல், நம் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதையே பொருளாகக் கொண்டதாகும். நம் பிள்ளைகளைப் பற்றி அதுவரை வெளிவந்த அறிக்கைகளெல்லாம் எத்தனை பேர், எத்தனை ரூபாய் என்று எண்ணிக்கொண்டிருக்க, அப்பிள்ளையின் மனம் எப்படிக் கற்கிறது என்று ஒருவர் கேட்டாரே, அது சிறிய செய்தியன்று. ஆயினும் அப்பள்ளிகள் தொடக்கநிலை அளவிலேயே நின்றுவிட்டன என்பதையும், பிறர் அன்பினால் திறக்கப்பட்ட கதவு பிறர் விரும்பிய அகலத்துக்கே திறந்தது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

நம்மவர் தாமே திறந்த கதவைக் காண வேண்டுமாயின் நமக்கு மிக அண்மையிலுள்ள ஊருக்கே செல்லலாம். கிருஷ்ணகிரியிலிருந்து வடக்கே குப்பம் வழியாக ஆந்திர நிலத்தைக் கடந்தால் கோலார் தங்கவயல் வரும். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்கத் தொழிலை ஏற்று நடத்தத் தொடங்கிய பின்னர், வடஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் சென்று குடியேறினர். (அந்நாளில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன, 1965-இல் தருமபுரி மாவட்டமும், 2004-இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன.) அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சென்னை இராயப்பேட்டையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை தங்கவயலின் மாரிகுப்பத்தில் தழைத்தது. பண்டிதர் 1907-இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்கு அங்கே பெருந்திரளான வாசகர் இருந்தனர். பண்டிதர் மறைந்து இதழும் நின்றுபோன பின்னர், 1926 முதல் அதனை மீண்டும் நடத்தியவரும் தங்கவயலைச் சேர்ந்த ஜி. அப்பாதுரையாரே.

சுரங்கத்தினுள் இறங்கி உழைத்த மக்கள் இதழ் நடத்தினர், சங்கம் நடத்தினர், பள்ளியும் வாசகசாலையும் கண்டனர் என்றால், அதற்கு நேரம் எங்கிருந்து வந்தது என்று இளைஞர்கள் வினவுதல் வேண்டும். உறங்க வேண்டிய பொழுதிலிருந்து எடுத்த நேரம்தான் அது. படிக்கத் தெரிந்த ஒருவர் இதழை உரக்கப் படிக்க, தெரியாதவர் சுற்றி அமர்ந்து கேட்பர். அருகில் அமர்ந்த பிள்ளைகளின் காதிலும் அது விழும். அங்கே கற்பிப்பவரும் கற்பவரும் ஒரே வரிசை வீடுகளிலிருந்து வந்தவர்கள். தந்தை எந்த ஷிப்டில் சென்றிருக்கிறார், வீட்டில் யாருக்கு நோய் என்று கற்பிப்பவருக்குத் தெரியும். ஆல்காட் பள்ளியில் நல்லெண்ணத்தோடு பயில வேண்டியிருந்த ஒன்று தங்கவயலில் பிறப்போடு வந்துவிட்டது. தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. ஆனால் அங்கிருந்து எழுந்த படித்த தலைமுறையை யாரும் மூடிவிட முடியவில்லை.

மராட்டிய நாட்டில் 1848-இல் புனேயில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி கண்ட ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1855-இல் உழைப்பாளிகளுக்காக இரவுப் பள்ளியும் தொடங்கினர். அதே ஆண்டில் அவர்களது பள்ளியில் பயின்ற முக்தா என்னும் மாங் இனத்துச் சிறுமி, தன் மக்களின் துயரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத, அது அச்சேறியது. பதினான்கு வயதுடைய பிள்ளை தன் உள்ளத்தில் உள்ளதை அஞ்சாமல் எழுதியதென்றால், ஆசிரியரிடம் அஞ்சாமல் பேசிய பின்னரே எழுதியிருக்க வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியல் என்று நூறு பக்கம் படிக்கிறோம். அந்த நூறு பக்கமும் இந்த ஒரு செய்திக்குள் அடங்கும்.

இனி நம் வட்டாரத்தோடு தொடர்புடைய, கசப்பான ஒரு நிகழ்ச்சியைக் கூற வேண்டும். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி அவர்கள், முதலமைச்சராக இருந்தபோது 1953-இல் ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படித்தால் போதும். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். ‘குலக்கல்வித் திட்டம்’ என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அத்திட்டமும் அவ்வாண்டே கைவிடப்பட்டது. அத்திட்டத்தை ஆதரித்தோர் கூறிய நியாயங்களும் உண்டு. கட்டடமும் ஆசிரியரும் பற்றாத காலம் அது. எனினும் நம் வரலாற்றுக்கு அதில் ஒரு பாடம் கிடைக்கிறது. பள்ளிக்கு வெளியே பிள்ளைக்கு உள்ள நேரம் யாருக்கு உரியது என்பதே அன்று எழுந்த வினா. தகப்பன் செய்த தொழிலுக்கே அது உரியது என்றது அத்திட்டம். அந்த நேரத்தை எழுத்துக்கு உரியதாக்கியவை மாலை வகுப்புகள்.

இவ்வழியில் நாம் நேரிற் கண்ட பேரியக்கம் அறிவொளி இயக்கமாகும். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, தமிழகத்திலும் அவ்வியக்கம் பரவியது. புதுக்கோட்டையில் 1991-இல் மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் காலத்தில், கல்குவாரிப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றதை நாடே வியந்து பேசியது. அறிவொளிப் பாடநூலில் ‘அம்மா, ஆடு’ என்று தொடங்காமல், ‘பட்டா’ என்னும் சொல்லிலிருந்து எழுத்தைத் தொடங்கினர். நிலமற்ற உழைப்பாளியின் உள்ளத்தில் நாள்தோறும் உருளும் சொல் அது. பாடத்தை மேசையிலிருந்து எழுதாமல் மக்கள் வாயிலிருந்து எடுத்தனர் என்பது இதனால் விளங்கும். அவ்வகுப்புகள் முதியோர்க்கென்று தொடங்கப்பட்டவையே. ஆனால் தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு பிள்ளைகளும் வந்தனர். தொண்டர்களாய்ச் சென்ற கல்லூரி மாணவர்கள் முதன்முறையாகத் தெரு விளக்கடியில் தரையில் அமரக் கற்றுக்கொண்டனர்.

கியூபா நாட்டில் 1961-ஆம் ஆண்டில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இவ்வாறே கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் உழவர் குடும்பங்களிலேயே தங்கி, பகலில் அவர்களோடு வயலில் உழைத்து, இரவில் விளக்கொளியில் கற்பித்தனர். ஓராண்டில் ஏழு இலட்சம் பேர் எழுத்தறிந்தனர். முதலில் உழவனிடம் மாணவனாய் இருந்து, பின்னரே அவனுக்கு ஆசிரியராயினர் என்பதே அத்திட்டத்தின் நுட்பம்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் மூடப்பட்ட பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் திறந்தன. ஏறத்தாழ இருபது மாதங்கள். கைப்பேசி இருந்த வீட்டுப் பிள்ளை ஏதோ சிறிது கேட்டது. இல்லாத வீட்டுப் பிள்ளை எழுத்துகளை மறந்தது. இரண்டாம் வகுப்பில் வந்து அமர்ந்த பிள்ளை, முதல் வகுப்பிலேயே சரியாக அமர்ந்திராத பிள்ளை. இவ்விடைவெளியை நிரப்பத் தமிழக அரசு 2021 அக்டோபர் 27-ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தைத் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள் மாலைதோறும் ஒன்றரை மணி நேரம் வரை கற்பித்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்க மேல்நிலைக் கல்வி போதும் என்று வகுத்ததனால், படிப்பை முடித்துத் திருமணமாகி வீட்டோடு இருந்த நம் பெண்கள் பலர் முதன்முறையாகக் கரும்பலகையின் முன் நின்றனர்.

இத்திட்டத்தின் பயனைக் கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியல் அறிஞர்கள் ஏறத்தாழ 19 ஆயிரம் கிராமப்புறப் பிள்ளைகளிடம் ஆராய்ந்தனர். பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளால் வந்தது என்று அவர்கள் கணித்தனர். பிரதம் அமைப்பினர் மும்பையிலும் வடோதராவிலும் பின்தங்கிய மாணவர்களுக்காக அமர்த்திய ‘பால்சகி’ என்னும் உள்ளூர்ப் பெண்களாலும் இத்தகைய பயன் விளைந்ததை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பால்சகி என்றால் குழந்தையின் தோழி என்று பொருள். நம் தெருக்களில் அப்பெயர் வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் தாமாகவே ‘அக்கா’ என்று அழைத்தனர். பள்ளியில் ‘மிஸ்’ என்று அழைத்து எழுந்து நிற்கும் அதே பிள்ளை, அக்காவின் மடியில் சாய்ந்துகொண்டு வாய்ப்பாடு சொன்னதை யாம் கண்டிருக்கிறோம். விரலைப் பற்றும் கை தெருவிலேயே கிடைத்துவிட்டது.

ஆயினும் ஒரே தெருவிற் பிறந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், நம் எல்லைப் பகுதியில் அது போதாது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஓசூரின் முகமே மாறிவிட்டது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டான் என்று ஆலைகள் பெருகின. 2019-இல் ஓசூர் மாநகராட்சியும் ஆயிற்று. ஒரே குடியிருப்பில் தமிழ் பேசும் வீடு, தெலுங்கு பேசும் வீடு, கன்னடம் பேசும் வீடு, உருது பேசும் வீடு அடுத்தடுத்து இருக்கின்றன. இப்போது ஒடிசா, பீகார்க் குடும்பங்களும் சேர்ந்துள்ளன. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதல் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயப் பாடமானது; வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. வகுப்பில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையை மந்தம் என்று முத்திரை குத்துவோர் இன்றும் உளர். மந்தம் அன்று, மொழி வேறு.

இதற்கு மாலை வகுப்பினர் சிலர் கண்ட வழி எம்மைப் பெரிதும் கவர்ந்தது. வீடு என்பதற்குத் தெலுங்குப் பிள்ளை ‘இல்லு’ என்கிறது. கன்னடப் பிள்ளை ‘மனெ’ என்கிறது. இல்லம், மனை என்னும் இரண்டும் நம் தமிழ்ச் சொற்களே. ‘நீ சொன்னது தப்பு, வீடு என்று சொல்’ என்பதற்குப் பதிலாக, ‘நீ சொன்னதும் இந்தப் புத்தகத்தில் இருக்கிறது பார்’ என்று காட்டினால், அப்பிள்ளையின் முகம் மலர்வதைக் காண வேண்டும். ஊர் என்பதும் நீர் என்பதும் அப்படியே. தன் தாயின் சொல் தவறன்று என்று அறிந்த பிள்ளை, அடுத்த சொல்லைத் தானே கேட்கிறது.

கணக்கும் அவ்வாறே. ரோஜாத் தோட்டங்களில் தாயோடு சென்று கட்டுக் கட்டும் பிள்ளைக்கு, கட்டுக்கு இருபது பூ என்று தெரியும். ஏழு கட்டுக்கு எத்தனை என்றால் இமைப்பொழுதில் நூற்று நாற்பது என்கிறது. அதே பிள்ளை பலகையில் 20 x 7 என்று எழுதினால் திகைக்கிறது. கையில் இருக்கும் கணக்குக்கும் பலகையில் இருக்கும் கணக்குக்கும் நடுவே ஒரு பாலம் போட வேண்டும்; அப்பாலம் போட, பிள்ளை காலையில் எங்கே சென்றது என்று தெரிந்திருக்க வேண்டும். ‘நேற்று ஏன் வரவில்லை?’ என்று கேட்பவரிடம் பிள்ளை பொய் சொல்லும். ‘நேற்றுத் தோட்டத்தில் பூ நிறையவோ?’ என்று கேட்பவரிடம் உண்மை சொல்லும்.

இங்கே நம் சமுதாயப் பெரியோருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். மாலை வகுப்பு நன்றாக நடக்கிறது என்பதைக் காட்டி, பகற்பள்ளியில் ஆசிரியர் இடங்களை நிரப்பாமல் விட இடங்கொடுக்கலாகாது. 2021-இல் ஆசிரியர் பலர் ஐயுற்றதும் இதைப் பற்றியே. அவ்வையத்தில் நியாயம் உண்டு. ஆயிரம் ரூபாய்க்கு அக்கா கிடைப்பாள் என்பதால் நம் பிள்ளைக்கு அக்காவே போதும், மற்றவர் பிள்ளைக்கு முழு ஊதிய ஆசிரியர் என்று ஆகிவிட்டால், அது பழைய கோணிப்பையின் புது வடிவமாகும். பணியிடம் காலியாக இருந்தால் மனுக் கொடுக்க வேண்டும்; மாலையில் வகுப்பும் நடத்த வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை விடுவதற்கில்லை.

நம் இளைஞர் பலர் இன்று ஆலைகளில் ஒப்பந்தப் பணியில் இருக்கின்றனர். சிலர் அத்திப்பள்ளியைக் கடந்து பொம்மசந்திரா வரை நாள்தோறும் சென்று வருகின்றனர். எங்களுக்கு நேரம் ஏது என்று அவர்கள் கேட்பது நியாயமே. முதல் ஷிப்டு முடித்துப் பிற்பகலில் வீடு திரும்புவோர் சிறிது உறங்கி எழுந்து ஆறு மணிக்கு வகுப்புக்கு வரலாம். இரவு ஷிப்டு வாரத்தில் கம்பெனிப் பேருந்து வருவதற்கு முன் ஒரு மணி நேரம் கிடைக்கும். இரண்டாம் ஷிப்டு வாரத்தில் மட்டும் வர இயலாது. ஆகவே ஒரே வாரத்தில் இரண்டாம் ஷிப்டுக்குப் போகாத இருவரை இணைத்துவிட்டால் வகுப்பு நிற்காது. ஆனால் யார் எந்த வாரம் வருவார் என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொன்ன அண்ணன் வராத நாளில், விளக்கடியில் பலகையோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகள் எட்டு மணி வரையிலும் எழுந்து போவதில்லை.